டார்வின் வீட்டு ஆபீஸ்

வீட்டிலேயே ஆபீஸ் என்பது கொரோனா காலத்து விஷயமில்லை. சார்லஸ் டார்வின் 1842இல் லண்டனை விட்டு டௌன் கிராமத்துக்குக் குடிபோனார். 1882இல் இறக்கும்வரை 40 வருஷம் அந்த வீட்டில்தான் வேலை. 'உயிரினங்களின் தோற்றம்' (1859) நூலின் பெரும்பகுதியை எழுதியதும் அங்கேதான்.

அவர் படிப்பறையைப் பாருங்க. கை வைத்த நாற்காலிக்குச் சக்கரம் மாட்டியிருந்தார். மேசைக்கும் அலமாரிக்கும் எழுந்திருக்காமலே உருட்டிக்கொண்டு போகலாம். எழுதுவதற்கு, நாற்காலிக் கைகளின் குறுக்கே ஒரு பலகை. ஜன்னல் பக்கம் ஒரு கண்ணாடி. வருவது யாருன்னு முன்னாடியே தெரிஞ்சிடும். அறை மூலையில் தட்டி மறைப்பு. குமட்டல் வந்தால் அங்கே ஒதுங்குவார்.

இதெல்லாம் சொகுசுக்காக இல்லை. வயிற்றுக் கோளாறும் வாந்தியும் அவரைப் பல வருஷம் படுத்தின. ஒரு நாளில் சில மணி நேரம்தான் உழைக்க முடிந்தது. அந்தச் சில மணி நேரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது இந்த அறைதான் என்பது என் கணிப்பு.