கேம்பியன், எட்மண்ட் (1540–1581)

இங்கிலாந்தில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைசாட்சி. லண்டனில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு புனித யோவான் கல்லூரியில் பேச்சாற்றலால் புகழ்பெற்று, 1566இல் அங்கு வந்த முதலாம் எலிசபெத் அரசியின் பாராட்டைப் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் திருத்தொண்டராகியும் மனம் அமையாமல் நாட்டை விட்டு வெளியேறினார். 1573இல் ரோமில் இயேசு சபையில் சேர்ந்தார். 1578இல் பிராகாவில் குருப்பட்டம் பெற்றார்.

1580 ஜூனில் நகை வணிகர் வேடத்தில் தாயகம் திரும்பி, வீடு வீடாக மறைந்து சென்று திருப்பலி நிறைவேற்றினார். சமய வாதத்துக்கு அறைகூவி அவர் இலத்தீனில் எழுதிய ‘பத்துக் காரணங்கள்’ ஸ்டோனர் பூங்கா மாளிகையில் ரகசியமாக அச்சானது. 1581 ஜூன் 27 அன்று ஆக்ஸ்போர்டு புனித மரியா ஆலய இருக்கைகளில் அதன் பிரதிகள் கிடந்தன. அடுத்த மாதமே லைஃபர்டு கிரேஞ்சில் பிடிபட்டார்.

லண்டன் கோட்டையில் கைகால்களைக் கட்டி இழுக்கும் வதைச்சட்டத்தில் பலமுறை கிடத்தப்பட்டார். விசாரணையின்போது கையை உயர்த்தக்கூட அவரால் இயலவில்லை. உடன் நின்ற கைதியே அதைத் தூக்கிப் பிடித்தார். அந்த நிலையிலும் அவர் தந்த மறுமொழிகள் தெளிவும் துணிவும் மிக்கவை. அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகச் சாட்டப்பட்ட குற்றத்துக்கு உண்மையான சான்று இல்லை. 1581 டிசம்பர் 1 அன்று டைபர்னில் ரால்ஃப் ஷெர்வின், அலெக்சாண்டர் பிரையன்ட் ஆகிய குருக்களுடன் தூக்கிலிடப்பட்டார். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல், நாற்பது மறைசாட்சிகளுள் ஒருவராக அவரைப் புனிதராக அறிவித்தார்.