சென்னை பழைய கலங்கரை விளக்கம்

சென்னை பழைய கலங்கரை விளக்கம் என்பது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள, தற்போது பயன்பாட்டில் இல்லாத கலங்கரை விளக்கம் ஆகும். கிரேக்க டோரிக் பாணியில் அமைந்த இக்கருங்கல் தூண் 1844 முதல் 1894 வரை 50 ஆண்டுகள் கப்பல்களுக்கு வழிகாட்டியது.

வரலாறு

சென்னையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. பயணிகளும் சரக்கும் மசூலா படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டியிருந்தது. எனவே இரவில் கரையை அடையாளம் காட்டும் விளக்கு இன்றியமையாததாயிற்று. 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்றைய கோட்டை அருங்காட்சியகக் கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. அதற்கு மாற்றாக, கோட்டைக்கு வடக்கே கேப்டன் ஜே. டி. ஸ்மித்தின் வடிவமைப்பில் இத்தூண் எழுப்பப்பட்டது.

கைவிடப்படல்

1892-இல் அருகில் உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் குவிமாடக் கோபுரம் தூணைவிட உயரமானது. ஆகவே 1894-இல் விளக்கு அங்கு மாற்றப்பட்டது. 1977-இல் மெரினா கடற்கரையில் புதிய கலங்கரை விளக்கம் செயற்படத் தொடங்கியதும் நீதிமன்றக் கோபுர விளக்கும் பயன்பாட்டிலிருந்து நீங்கியது.

சிறப்பு

சென்னையின் நான்கு கலங்கரை விளக்கங்களுள் முதலாவதும் மூன்றாவதும் வேறு பயன்பாட்டுக்கான கட்டடங்களின் மேல் அமைந்தவை. விளக்கேற்றுவதற்கென்றே கட்டப்பட்டவற்றுள் பழமையானது இத்தூணே ஆகும்.