புளோரிடா மெய்நிகர் பள்ளி

புளோரிடா மெய்நிகர் பள்ளி (புளோரிடா விர்ச்சுவல் ஸ்கூல்) என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இணையத்தின் வழியாகப் பாடம் நடத்தும் ஓர் அரசுப் பொதுப் பள்ளி ஆகும். 1997 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இப்பள்ளி, அந்நாட்டில் ஒரு மாநிலம் முழுமைக்குமென அமைந்த இணையப் பள்ளிகளுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இதன் தலைமையகம் ஒர்லாண்டோ நகரில் உள்ளது. எசுப்பானியம் (ஸ்பானிஷ்), இலத்தீன், சீனம் முதலிய மொழிகளும் கணிதம், அறிவியல், வரலாறு, ஆங்கிலம் ஆகிய பாடங்களும் இங்குக் கற்பிக்கப்படுகின்றன. புளோரிடாவில் வசிக்கும் மாணவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வீட்டில் இருந்தே கல்வி பெறுவோரும் தனியார் பள்ளியில் பயில்வோரும்கூட இதில் சேரலாம். பிற மாநிலத்தாரும் வெளிநாட்டாரும் கட்டணம் செலுத்திப் பயிலலாம்.

பின்னணி

இப்பள்ளியின் தேவையைப் புரிந்துகொள்ள, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். அங்கு 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் உயர்நிலைப் பள்ளி எனப்படும். மாணவர் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே தேர்ந்து, முடித்த பாடத்துக்கு மதிப்பலகு பெறுகிறார். புளோரிடாவில் பள்ளிச் சான்றிதழ் பெறப் பொதுவாக 24 மதிப்பலகுகள் தேவை. ஓர் ஆண்டுப் பாடத்துக்கு ஒரு மதிப்பலகு. அரையாண்டுப் பாடத்துக்கு அரை மதிப்பலகு. பாடங்கள் இவ்வாறு தனித்தனிக் கூறுகளாக இருப்பதால், ஐந்து பாடங்களைத் தம் ஊர்ப் பள்ளியிலும் ஆறாவதை வேறோரிடத்திலும் படிப்பதற்கு அமைப்பு இடம் தருகிறது.

பள்ளிச் சான்றிதழுக்கு அயல்மொழி கட்டாயமில்லை. ஆனால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் சேரவும், 1997 இல் ஏற்படுத்தப்பட்ட 'பிரைட் பியூச்சர்ஸ்' என்னும் மாநில உதவித்தொகையின் முதன்மைப் பிரிவுகளைப் பெறவும், ஒரே அயல்மொழியை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும். மியாமி போன்ற நகரங்களில் எசுப்பானியம் தெருமொழியாகவே வழங்குவதால் ஆசிரியருக்குக் குறைவில்லை. மாநிலத்தின் வடபகுதியிலுள்ள லிபர்ட்டி, லஃபாயெட் போன்ற கவுண்டிகளின் நிலை வேறு. ஒரு கவுண்டி முழுவதற்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி உள்ள இத்தகைய இடங்களில், இருக்கும் ஒரு மொழியாசிரியர் விலகினாலும் இரண்டாம் ஆண்டுப் பாடம் நின்றுவிடக்கூடும். அப்போது மாணவர் இழப்பது ஒரு மொழிப்பாடத்தை மட்டுமன்று. பல்கலைக்கழக இடமும் உதவித்தொகையும் அதனுடன் சேர்ந்து நழுவுகின்றன.

வரலாறு

1996 இல் புளோரிடா கல்வித் துறை, ஒர்லாண்டோவை உள்ளடக்கிய ஆரஞ்சு கவுண்டிக்கும் கெயின்ஸ்வில் நகரை உள்ளடக்கிய அலாசுவா கவுண்டிக்கும் 200,000 டாலர் நல்கையை வழங்கியது. அதைக் கொண்டு 1997 ஆகத்து மாதம் 'புளோரிடா இணைய உயர்நிலைப் பள்ளி' என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கின. முதல் ஆண்டில் நூற்றுக்கும் குறைவான பதிவுகளே இருந்தன. தொலைபேசிக் கம்பி வழியே இணைய இணைப்புப் பெற்ற காலம் அது; ஒரு படம் திரையில் தோன்றவே காத்திருக்க வேண்டியிருந்ததால், தொடக்ககாலப் பாடங்கள் பெரும்பாலும் எழுத்து வடிவில் அமைந்தன. நிறுவனத் தலைவரான யூலி யங் 2014 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

2000 இல் மாநிலச் சட்டமன்றம் இதனைத் தனித்தியங்கும் கல்வி அமைப்பாக ஆக்கியது. மாநில ஆளுநர் நியமிக்கும் எழுவர் கொண்ட குழு இதனை நிருவகித்தது. உயர்நிலைப் பாடங்கள் கிடைக்காத நாட்டுப்புற மற்றும் நகர்ப்புற ஏழைப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்கும், வீட்டில் கல்வி பெறுவோருக்கும், படிப்பை விரைந்து முடிக்க விரும்புவோருக்கும் முன்னுரிமை தரவேண்டும் எனச் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது.

செயல்படும் முறை

இப்பள்ளிக்கு மணி அடிப்பதில்லை. பகுதிநேர மாணவர் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் பாடத்தில் சேரலாம். இயல்பான வேகம், விரைவு, மெதுவான வேகம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டு இணையத்தளத்தில் இருக்கும். மாணவர் படித்து, பயிற்சியை அனுப்ப, ஆசிரியர் திருத்தி மதிப்பெண்ணும் குறிப்பும் தருவார். பல பயிற்சிகளைத் திருத்திய பின் மீண்டும் சமர்ப்பிக்க முடியும்.

வெளியிலிருந்து பார்ப்போர் இதனை ஆசிரியர் இல்லாத கணினிப் படிப்பு என எண்ணுவதுண்டு. அது சரியன்று. ஆசிரியர்கள் அனைவரும் புளோரிடா மாநிலச் சான்று பெற்றவர்கள். தொடக்கத்தில் ஆசிரியர் மாணவரையும் பெற்றோரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்; பின்னரும் அவ்வப்போது தொடர்புகொள்வார். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் 'உரையாடல்வழி மதிப்பீடு' ஒன்று உண்டு. அதில் ஆசிரியர் நேரடியாகக் கேள்வி கேட்க, மாணவர் வாய்மொழியாக விடையளிக்க வேண்டும். அனுப்பப்பட்ட பயிற்சியை அம்மாணவரே செய்தாரா என்பதை அறிய இதைவிட எளிய வழி இல்லை.

எசுப்பானிய மொழிப் பாடம்

இணையவழிக் கல்வியின் வலிமையும் குறையும் மொழிப்பாடத்தில் தெளிவாகத் தெரிகின்றன. சொற்களஞ்சியம், வினைத்திரிபு அட்டவணைகள், கேட்டல் பயிற்சி ஆகியவற்றுக்குக் கணினி மிகவும் ஏற்றது. எசுப்பானிய வினைச்சொல் தன்மை, முன்னிலை, படர்க்கைக்கும் ஒருமை, பன்மைக்கும் ஏற்ப விகுதி மாறும். இவற்றைச் சலிக்காமல் நூறு முறை கேட்க ஒரு நிரலால் முடியும். முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியரால் முடியாது. கூச்ச இயல்புடைய மாணவர் யாரும் சிரிக்காத தனிமையில் ஒரு வாக்கியத்தைப் பத்து முறை பதிவுசெய்து, பதினொன்றாவதை அனுப்பலாம்.

ஆனால் 'பெரோ' என்றால் 'ஆனால்' என்று பொருள். நாக்கு நுனியை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய். தமிழில் ரகர றகர வேறுபாட்டை எழுத்தில் காட்டிவிட்டுப் பேச்சில் பலர் விட்டுவிடுவது போல, சரியான விடையைச் சொடுக்கிய மாணவருக்கும் இவ்வொலிகள் வாயில் வராமல் போகலாம். எனவே ஒலிப்பதிவுகளை ஆசிரியர் கேட்டு மதிப்பிடுவதும், தொலைபேசியில் எசுப்பானியத்திலேயே உரையாடுவதும் பாடத்தின் பகுதிகளாக உள்ளன. ஒலிப்பதிவு உரையாடலுக்கு ஈடாகாது. முன்கூட்டி எழுதி வைத்துப் படித்த பதிவு பிழையின்றி இருக்கும். எதிர்பாராத கேள்வி ஒன்று வரும்போதே மொழி தெரியுமா என்பது வெளிப்படும்.

மற்றொரு சிக்கல் இயந்திர மொழிபெயர்ப்பு. 2006 இல் கூகுள் மொழிபெயர்ப்பி வந்த பின்னர், ஆங்கிலத்தில் எழுதி மாற்றிக்கொள்வது எளிதாயிற்று. முதலாண்டு மாணவரின் கட்டுரையில் மூன்றாம் ஆண்டில் கற்பிக்கப்படும் வினைவடிவங்கள் காணப்படுவது ஆசிரியர்களுக்கு வழக்கமான எச்சரிக்கைக் குறி ஆயிற்று. 2022 இறுதியில் சாட்சிபிடி போன்ற உரையாக்கச் செயலிகள் பரவியபின் அக்குறியும் மங்கிவிட்டது. 'முதலாண்டு மாணவர் போல எழுது' என்று கேட்டால் அவை அப்படியே எழுதித் தருகின்றன. இதனால் வாய்மொழி மதிப்பீட்டின் எடை கூடியுள்ளது.

பல்கலைக்கழக நிலைக்குரிய 'ஏபி' எசுப்பானியப் பாடமும் இங்கு உண்டு. அதன் இறுதித் தேர்வைக் கல்லூரி வாரியம் என்னும் அமைப்பு நடத்துகிறது. மாணவர் ஒரு பள்ளிக்கு நேரில் சென்று மேற்பார்வையாளர் முன்னிலையில் எழுத வேண்டும். தேர்வின் பேச்சுப் பகுதியில், ஒலிப்பதிவாக வரும் ஐந்து கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 20 வினாடிகளில் விடை சொல்லவும், பண்பாட்டு ஒப்பீடு ஒன்றை இரண்டு நிமிடங்கள் பேசவும் வேண்டும். ஒலிவாங்கி முன் பேசிப் பழகியது இங்கு எதிர்பாராத நன்மையாக அமைகிறது.

பிற பாடங்கள்

கணிதத்திலும் அறிவியலிலும் மாநில அரசின் பாட இறுதித் தேர்வுகள் உள்ளவற்றை மாணவர் நேரில் சென்று எழுத வேண்டும். 2009 இல் அமெரிக்க வரலாற்றைக் கணினி விளையாட்டு வடிவில் கற்பிக்கும் 'கான்ஸ்பிரசி கோட்' என்னும் பாடம் வெளியிடப்பட்டது. உடற்கல்வியும் இணையத்தில் உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். மாணவர் உடற்பயிற்சி செய்து, அதன் பதிவேட்டை அனுப்புகிறார்.

நிதி

2003 முதல் இப்பள்ளி மாநிலத்தின் பொதுப் பள்ளி நிதித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வழக்கமான பள்ளிகளுக்கு, வகுப்பில் அமர்ந்துள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு நிதி தரப்படுகிறது. இப்பள்ளிக்கோ மாணவர் பாடத்தை வெற்றிகரமாக முடித்தால் மட்டுமே நிதி. பாதியில் விட்டவருக்குப் பணம் இல்லை என்பதால், பின்தங்கும் மாணவரைத் தேடிப்பிடித்துப் பேசுவதற்கு ஆசிரியருக்கும் நிருவாகத்துக்கும் தூண்டுதல் ஏற்படுகிறது. இம்முறைக்கு மறுபக்கமும் உண்டு. தேர்ச்சி அளிப்பவரே தேர்ச்சியால் நிதி பெறுபவராகவும் இருப்பதால், அளவுகோல் தளராமல் காப்பதற்கு வெளித் தேர்வுகள் இன்றியமையாதவை. வெளித் தேர்வு இல்லாத பாடங்களில், தொடக்கநிலை எசுப்பானியம் உட்பட, அச்சுமை முழுவதும் ஆசிரியரின் நேர்மையையே சார்ந்துள்ளது.

2013 இல் நிதி விதிகள் மாற்றப்பட்டன. ஒரு மாணவர் எத்தனை பாடங்கள் படித்தாலும் அவருக்கான நிதி ஒரு முழுநேர மாணவருக்குரிய அளவைத் தாண்டாது எனவும், அத்தொகையை ஊர்ப் பள்ளியும் மெய்நிகர் பள்ளியும் பகிர்ந்துகொள்ள வேண்டும் எனவும் வகுக்கப்பட்டது. மாணவரை அனுப்பினால் தம் வருவாய் குறையும் என்பதால் கவுண்டிகள் தயங்கின. பதிவுகள் குறைந்து, ஆசிரியர் பலர் பணியிழந்தனர்.

விமர்சனங்கள்

2002 இல் புளோரிடா வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, உயர்நிலைப் பள்ளியின் அடிப்படைப் பாட வகுப்பில் 25 மாணவருக்கு மேல் இருத்தல் கூடாது. இணைய வகுப்புக்கு இவ்வரம்பு பொருந்தாது. 2010–11 கல்வியாண்டில் மியாமி-டேட் கவுண்டியில் 7,000க்கும் மேற்பட்ட மாணவர்கள், தம் பள்ளிக் கட்டடத்திலேயே கணினிகள் நிறைந்த அறைகளில் அமர்த்தப்பட்டு, இப்பள்ளியின் பாடங்களைப் படிக்க வைக்கப்பட்டனர். அறையில் ஆசிரியருக்குப் பதில் மேற்பார்வையாளர் ஒருவரே இருந்தார். மாணவர் சிலர் பள்ளி தொடங்கிய நாளன்றே இச்செய்தியை அறிந்தனர். ஆசிரியர் இல்லாத ஊருக்கு ஆசிரியரைக் கொண்டுசேர்க்க உருவான ஏற்பாடு, ஆசிரியர்கள் உள்ள ஊரில் செலவைக் குறைக்கவும் வரம்பைக் கடக்கவும் பயன்பட்டது என்ற கண்டனம் எழுந்தது. தானே விரும்பிச் சேர்ந்த மாணவருக்கும், வேறு வழியின்றி அமர்த்தப்பட்ட மாணவருக்கும் ஒரே பாடம் ஒரே பயனைத் தருவதில்லை.

2018 இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தனிப்பட்ட விவரங்கள் பாதுகாப்பின்றி இணையத்தில் வெளிப்பட்டிருந்தது தெரியவந்தது. நிருவாகச் சிக்கல்களைத் தொடர்ந்து 2019 இல் சட்டத்தின் மூலம் மாநிலக் கல்வி வாரியமே தற்காலிகமாக இதன் நிருவாகப் பொறுப்பை ஏற்றது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மாநில அரசு கூடுதல் வழங்கிகள் வாங்க நிதி ஒதுக்கி இப்பள்ளியின் கொள்ளளவைப் பெருக்கியது.