தண்ணீரால் கவிழ்ந்த கப்பல்

சென் நசேரில் கட்டப்பட்டு 1935இல் முதற்பயணம் போன 'நோர்மண்டி' 313 மீற்றர் நீளமான பிரெஞ்சுப் பயணிகள் கப்பல். 1939இல் யுத்தம் தொடங்கியபோது நியூயோர்க்கில் ஒதுங்கியது. அதுவும் ஒருவகை அகதிதான். 1941 டிசம்பரில் அமெரிக்க அரசு அதைக் கைப்பற்றி, 'லஃபயெற்' என்று பெயரையும் மாற்றி, படையினரை ஏற்றுவதற்காகத் திருத்தத் தொடங்கியது.

1942 பெப்ரவரி 9 பிற்பகல் கப்பல் தீப்பிடித்தது. முதல் வகுப்பு மண்டபத்தில் நின்ற இரும்புத் தூண்களைத் தொழிலாளர்கள் வாயுச்சுவாலையால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே உயிர்காப்பு அங்கிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுகளாக அடுக்கியிருந்தன. அங்கிகளுக்குள் இருந்தது இலவம்பஞ்சு. ஊரில் இலவம்பஞ்சுத் தலையணையில் படுத்தவர்களுக்கு அது எப்படிப் பற்றும் என்று சொல்லத் தேவையில்லை. கடலில் ஆளை மிதக்க வைக்கும் அதே பஞ்சு அன்றைக்கு ஒரு பொறிக்குப் போதுமாக இருந்தது.

பொறி மட்டுமே காரணம் என்றால் அது ஒரு வாளித் தண்ணீரோடு முடிந்திருக்கும். ஆனால் திருத்த வேலைக்காகக் கப்பலின் தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் செயலிழந்திருந்தன. தீயணைப்பு நிலையத்துக்கு நேரே போன எச்சரிக்கை இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது. நியூயோர்க் குழாய்களின் மூட்டு பிரெஞ்சுக் கப்பலின் மூட்டுக்குப் பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அவசரம். ஒரு சில நாட்களில் கப்பல் புறப்படவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய துயரமாகப் படுகிறது. கரையிலிருந்தும் படகுகளிலிருந்தும் தண்ணீரைக் கொட்டினார்கள். மேல்தட்டுகளில் தேங்கிய தண்ணீர் புவியீர்ப்பு மையத்தை உயர்த்தியது. கப்பல் சாயச் சாய தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடிப் பாரம் கூட்டியது. (பாதியில் விட்ட பொறியியல் படிப்பில் எனக்கு மிஞ்சிய கொஞ்சத்தில் இதுவும் ஒன்று.) கப்பலை வடிவமைத்த யூர்கேவிச் துறைமுகத்துக்கு ஓடிவந்தார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்தவர். அடித்தட்டு வால்வுகளைத் திறந்துவிட்டால் கப்பல் நிமிர்ந்தபடியே சேற்றில் அமர்ந்துவிடும் என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. மறுநாள் அதிகாலை நோர்மண்டி பக்கவாட்டில் கவிழ்ந்தது.

எண்ணெய்ச்சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாதே என்பது றெஸ்ரோறண்ட் குசினியில் முதல்நாளே சொல்லித்தரும் பாடம். நோர்மண்டியில் தண்ணீர் நெருப்பை அணைக்கத்தான் செய்தது. கப்பல்தான் மிஞ்சவில்லை.

ஜேர்மன் சதி என்று நகரமெங்கும் பேச்சு. விசாரணைகளோ கவனக்குறைவு என்றே முடித்தன. அலட்சியத்தைவிட எதிரியை நம்புவது சனங்களுக்குச் சுகமாக இருக்கிறது. நாங்களும் அதற்கு விலக்கல்ல.

காலம் மாறினாலும் காரணங்கள் அதிகம் மாறவில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' அந்த ஆண்டுதான் சேவைக்கு வந்த புதுக்கப்பல். அதிலிருந்த ஒரு கொன்ரெய்னரில் நைத்திரிக் அமிலம் கசிவது தீக்குச் சில நாட்கள் முன்பே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராவும் அதை இறக்க இணங்கவில்லை. கப்பல் கசிவோடேயே கொழும்புக்கு வந்தது. எரிந்து ஜூனில் மூழ்கியபோது கரையெல்லாம் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று தடுத்தார்கள்.