கடல் விலகிய துறைகளும் பெயர் தெரியாத மூச்சுகளும்

மத்தியதரைக் கடலிலுள்ள சைப்ரஸ் தீவுக்குச் செல்லும் முஸ்லிம் பயணிகளில் பலர் கடற்கரையோடு திரும்பிவிடுவதில்லை. லார்னாகா நகரை அடுத்த உப்பு ஏரியின் கரையில் அடக்கமாகியுள்ள உம்மு ஹராம் (ரலி) அவர்களையும் ஸியாரத் செய்து வருகிறார்கள். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் கடல் கடந்த படையோடு சென்று, அம்மண்ணிலேயே மறைந்த ஸஹாபிப் பெண்மணி அவர். கடலையும் வரலாற்றையும் ஒரே பயணத்தில் காணும் அந்த வாய்ப்புக்கு நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு பகல் பொழுதில் சுற்றிவிடக்கூடிய கரை நமக்கு இருக்கிறது. ஆனால், விடுமுறையில் அங்கு செல்லும் நம் குடும்பங்கள் பிள்ளைகளை மணலில் விளையாடவிட்டு, ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகின்றன.

பயணத்தைக் கொற்கையில் தொடங்குவது நல்லது. பாண்டியரின் பழைய துறைமுகம் இன்று வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். கடல் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் கரையை வளர்த்தது. துறைமுகம் நிலத்துக்குள் சிக்கிக்கொண்டது. வணிகர்கள் கடலைத் தேடிக் கிழக்கே நகர்ந்தார்கள். அவ்வாறு எழுந்த காயல் துறையும் பின்னர் அதே விதியை அடைந்து, பழையகாயல் என்னும் பெயரோடு நிற்கிறது. கடலோரத்தில் இருப்பது புன்னைக்காயல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் பழையகாயலின் நிலத்தில் சீன, அரபுப் பாண்டங்களின் உடைசல்களைக் கண்டு, மார்க்கோ போலோ எழுதிய காயல் இதுவே என்று முடிவு செய்தார். ஒரே ஆறு வளத்தைக் கொடுத்துத் துறைமுகத்தைப் பறித்துக்கொண்ட கதையை, பாடப்புத்தகத்தைவிட அந்த வயல் வரப்பில் நின்று சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.

காயலைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேசப்படுவது குதிரை வணிகம்தான். அது வெறும் புகழ்ச்சியன்று. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தியின்படி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாடு உள்ளிட்ட இந்தியத் துறைகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்து இறங்கின. ஒன்றின் விலை 220 பொன் தீனார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். (விற்பவருக்கு இதைவிட வாய்ப்பான ஒப்பந்தம் எங்கே கிடைக்கும்!) கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், சுந்தர பாண்டியரிடம் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். வேற்று மார்க்கத்தவரான அரசர் ஒருவர் தம் நாட்டின் வாயிலையே ஒரு முஸ்லிமின் கையில் ஒப்படைத்த நம்பிக்கை அது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

எனினும் அமைச்சரின் பெயரோடு நாம் நின்றுவிடுகிறோம். அக்கரையின் செல்வத்தைக் கடலடியிலிருந்து எடுத்து வந்தவர்கள் யார்?

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல் வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று கூறுகிறது. மார்க்கோ போலோவின் காலத்தில் வணிகர்கள் கூலிக்கு ஆட்களை அமர்த்தினார்கள்; அரசருக்குப் பத்தில் ஒரு பங்கும், பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரித்தவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போயின. காலில் கட்டிய கல்லோடு ஆழத்தில் இறங்கி, மூச்சடக்கிக் கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிக் கயிற்றை அசைப்பார். மேலே உள்ளவர் இழுப்பார். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பது வழக்கம் என்று இக்கரையில் சொல்வார்கள். தமக்கையின் வாழ்வு அக்கயிற்றில் தொங்கும்போது கை தளராதல்லவா! பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் ஒரே முத்துப் பார்களில் இறங்கினார்கள். ஸூரத்துர் ரஹ்மானை ஓதும்போது முத்தும் பவளமும் வருகின்ற இடத்தை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அவர்களுக்கு அது தங்கள் தொழிலின் பெயர்.

இதே முத்துதான் இருவரையும் பகைவராக்கியது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கலாகாது. குளிப்பு உரிமை பற்றிய பூசல் முற்றியபோது பரதவர் போர்த்துகீசியரின் துணையை நாடினர். 1535க்கும் 1537க்கும் இடையில் பெருந்திரளாகக் கிறிஸ்தவத்தைத் தழுவினர். 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில், கள்ளிக்கோட்டை மரைக்காயர்களின் கடற்படை போர்த்துகீசியரிடம் தோற்றது. நம்மவர் எழுதும் வரலாறுகள் போர்த்துகீசியரின் கொடுமையை மட்டும் சொல்கின்றன. கொடுமை உண்மை. ஆனால் கரையோர ஏழைகளை அந்நியர் பக்கம் தள்ளியதில் பொருள் படைத்த வணிகர்களின் பங்கு என்ன என்ற கேள்வியையும் நாம் தவிர்த்தல் நேர்மையாகாது. சண்டையிட்ட இரு தரப்பிடமும் முத்து தங்கவில்லை. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமானது; பின்னர் ஆங்கிலேயர்.

காயல்பட்டினத்துக்கு மாலையில் போய்ச் சேருவது பொருத்தம். உருவங்கள் செதுக்கப்படாத கல்தூண்கள் தாங்கும் பழைய பள்ளிகளும், பெண்கள் நடமாடுவதற்கென்றே விடப்பட்ட முடுக்குகளும் பார்க்க வேண்டியவை. ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்கள் பிறந்த ஊர் அது. அடக்கமாகியிருப்பது கீழக்கரையில். அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு வந்தால் ஊரே அங்கு அமர்ந்திருக்கும்.

பவளத்தைப் பற்றியும் ஒரு சொல். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தார்கள். அரண் இழந்த விலாங்குச்சல்லித் தீவு கடலுள் அமிழ்ந்துவிட்டது. எஞ்சியவை 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் அடங்கும். அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. படகுக்காரர் ஆசை காட்டினாலும் மறுத்துவிடுங்கள்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அப்போது இருபது வயதில் கடலில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். கீழக்கரையிலோ தூத்துக்குடியிலோ உங்களுக்கு உறவினர் இருந்தால், அத்தகைய பெரியவர் எவரேனும் உள்ளாரா என்று கேளுங்கள். எந்தப் பாரில் இறங்கினார், கயிறு பிடித்தவர் யார், கூலி எவ்வளவு என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, தேதியோடு எழுதி வையுங்கள்.