சோலார் பம்ப் இன்வெர்ட்டரில் மின்னோட்ட வரம்பு: பேனலே காவல் என்னும் வாதம் நிற்குமா?

வெயில் எவ்வளவு அடித்தாலும் பேனல் ஓர் அளவுக்கு மேல் மின்னோட்டம் தராது. எனவே இன்வெர்ட்டரில் மோட்டாரின் மின்னோட்ட வரம்பைத் தாராளமாக விட்டுவைத்தாலும் தீங்கில்லை என்றொரு கருத்து உண்டு. அதற்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. பேனலின் இரு முனைகளையும் நேரடியாகச் சேர்த்துவிட்டால்கூட, முழுத்திறனில் ஓடுவதைவிடச் சிறிதளவே கூடுதலாக மின்னோட்டம் ஓடும்.

ஆனால் இந்த வாதம் அளப்பது டி.சி. பக்கத்தை மட்டுமே. வைண்டிங்கைக் கருக்குவது மறுபக்கத்து ஆம்பியர்.

போர்வெல்லில் மணல் ஏறி, இம்பெல்லர் இறுகிய 5 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நேம் பிளேட்டில் 9 ஆம்பியர். இன்வெர்ட்டரில் வரம்பு 18. ஸ்டேட்டர், ரோட்டார், கேபிள் மூன்றும் சேர்ந்து ஒரு ஃபேஸுக்கு 3 ஓம் என்று கொள்வோம். மோட்டார் சுழலாததால் உள்ளே போகும் திறன் முழுவதும் வெப்பமே: மூன்று ஃபேஸிலும் 18 ஆம்பியர் ஓட, ஏறத்தாழ 2,900 வாட். அரசுத் திட்டங்களில் இத்தகைய பம்புக்குப் பொருத்தப்படும் பேனல் 4,800 வாட். நல்ல வெயிலில் டி.சி. மின்னழுத்தம் சரியக் காரணமே இல்லை. பேனலுக்கு நடப்பது எதுவும் தெரியாது. மோட்டார் பக்கத்தில் சில டஜன் வோல்ட்டும் மிகுந்த ஆம்பியருமாகத் திறனை உருமாற்றித் தருவது இன்வெர்ட்டர். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. நீர் நிரப்பிய மோட்டார்கள் பலவற்றில் வைண்டிங் கம்பியின் மேலுறை பி.வி.சி.; பொதுவாக அது தாங்குவது 70 டிகிரி செல்சியஸ்தான்.

அப்படியானால் வரம்பை 9 என்று வைத்தால் போதுமா? முழு வேகத்தில் போதும் என்றே தோன்றுகிறது. மேகம் மறைத்து வேகம் குறையும்போது அந்த எண்ணும் தளர்ந்துபோகிறது. மையவிலக்கு பம்பு கேட்கும் முறுக்குவிசை வேகத்தின் இருமடியைத் தொடர்வது. 30 ஹெர்ட்ஸில் அது 50 ஹெர்ட்ஸில் கேட்பதில் 36 விழுக்காடே. அந்த வேகத்தில் 9 ஆம்பியர் ஓடினால், எங்கோ கோளாறு என்று பொருள். ஆனால் நிலையான வரம்பு அதைக் கண்டுகொள்ளாது.

குளிர்ச்சியும் இதில் சேர்கிறது. 50 ஹெர்ட்ஸில், வால்வு மூடிய நிலையில் 100 மீட்டர் தலையுயரம் காட்டும் பம்பு 41 ஹெர்ட்ஸில் 67 மீட்டர்தான் காட்டும். நீர்மட்டம் 70 மீட்டரில் இருந்தால் மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது. உடலை உரசிச் சென்று வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஓட்டமும் இராது. ஆகவே மின்னோட்ட வரம்பைக் குறைந்தபட்ச ஹெர்ட்ஸோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இறுகிய மோட்டாரைக் கிளப்பவே வரம்பை உயர்த்துவதாகக் களத்தில் சொல்வார்கள். கிளப்பும் சில நொடிகளுக்கு உயர்த்தட்டும். ஆண்டு முழுதும் அப்படியே விட அது காரணமாகாது. நீண்ட கேபிளின் கசிவால் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்றால், பார்க்க வேண்டியவை கேபிளும் ஃபில்டரும்.

மேற்கண்ட கணக்கு இண்டக்ஷன் மோட்டாருக்கு மட்டுமே பொருந்தும். நிலைக்காந்த ரோட்டார் கொண்ட பம்புகளில் மிகைமின்னோட்டம் காந்தத்தையே வலுவிழக்கச் செய்யக்கூடும். அங்கே வரம்பை வைண்டிங்கின் வெப்பத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது.