வீராசாமி உணவகம்: பெயரும் பந்தியும்

ஓர் இனத்தின் வரலாற்றை மெய்க்கீர்த்தியிலும் போர்க்களத்திலும் மட்டுமே தேடுதல் போதாது. அடுக்களையிலும் பந்தியிலும் அவ்வரலாறு பதிந்து கிடக்கின்றது. யார் சமைத்தனர், யார் உண்டனர், யார் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணின், ஒரு காலத்துச் சமுதாயம் நம் கண்முன் வந்து நிற்கும். பெருநகரங்களில் செல்வர் சென்று உண்ணும் இந்திய உணவகங்களை இவ்வினாக்களோடு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுள் இலண்டன் மாநகரில் 1926-ஆம் ஆண்டில் ‘வீராசாமி’ என்னும் பெயர் பூண்டு எழுந்த உணவகம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது.

சொல் முந்திச் சென்றது

உணவு செல்லும் முன்னரே அதன் பெயர் கடல் கடந்தது. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்பது மிளகைக் குறிக்கும். காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்த பண்டங்களுள் கறி மூட்டைகளையும் பட்டினப்பாலை எண்ணுகின்றது. பின்னர்க் காரமிட்டுச் சமைத்த தொடுகறிக்கும் அச்சொல் ஆயிற்று. தென்னாட்டுக் கடற்கரையில் அதனைக் கேட்ட ஐரோப்பியர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1747-இல் ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் வெளியிட்ட ஆங்கிலச் சமையல் நூலில் கறி சமைக்கும் முறை இடம் பெற்றது. 1773-இல் இலண்டன் நாரிஸ் தெருக் காப்பிக்கடையிலும் கறி விற்கப்பட்டது. நம் மிளகுத் தண்ணீர், ஆங்கிலேயர் கையில் இறைச்சி சேர்ந்த கெட்டிச் சாறாகி, ‘மல்லிகடானி’ என்று பெயர் திரிந்தது.

முதல் இந்திய உணவகம்

சொல் சென்ற வழியே கடையும் சென்றது. பாட்னாவில் 1759-இல் பிறந்த சேக் தீன் முகம்மது என்பார், 1810-இல் இலண்டன் ஜார்ஜ் தெருவில் ‘இந்துஸ்தானி காப்பி இல்லம்’ என்னும் உணவகத்தைத் திறந்தார். மூங்கில் நாற்காலிகளும், இந்தியக் காட்சிகள் தீட்டிய ஓவியங்களும், உக்காவும் அங்கு இருந்தன. இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலச் செல்வரையே அவர் நம்பினார். அச்செல்வரோ, தம் வீட்டிலேயே இந்தியச் சமையற்காரரை வைத்துக்கொள்ள வல்லவர். ஆகவே கடை நிலைக்கவில்லை; 1812-இல் முகம்மது நொடித்துப் போனார். பின்னர்ப் பிரைட்டனில் குளியல் நிலையம் அமைத்து, எண்ணெய்ப் பிடிப்புக் கலையால் அரசர் இருவர்க்குப் பணி செய்யும் பேறு பெற்றார் என்பது தனி வரலாறு.

வீராசாமியை நிறுவியவர்

வீராசாமி உணவகத்தை நிறுவியவர் வீராசாமி அல்லர், எட்வர்டு பால்மர். ஜெனரல் வில்லியம் பால்மருக்கும் முகலாய வழிப் பெருமாட்டி ஒருவருக்கும் தோன்றிய மரபினர் அவர். 1896-இல் மசாலைப் பண்டங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு வீராசாமி என்று பெயரிட்டார். தம் பாட்டியை நினைந்து அப்பெயரை இட்டார் என்பர். சரக்குகள் ‘நைசாம்’ என்னும் குறியோடு விற்பனையாயின. வெம்பிளியில் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் நடந்த பேரரசுப் பொருட்காட்சியின் இந்திய உணவகத்தில் அவர் பெற்ற பட்டறிவே, மறு ஆண்டு ரீஜண்ட் தெருவில் தம் உணவகத்தைத் திறக்கத் தூண்டுகோலாயிற்று.

அங்குப் பரிமாறப்பட்டவை பெரும்பாலும் முகலாயச் சமையலும், ஆங்கில ஆட்சியாளர் இந்தியாவில் உண்டு பழகிய கறி வகைகளும் ஆம். முன்னவர் தோற்ற இடத்தில் பின்னவர் வென்றார். 1926-இல் இந்தியாவை நினைந்து ஏங்கிய ஓய்வு பெற்ற அதிகாரிகள் இலண்டனில் மிகப் பலர். வீட்டில் இந்தியச் சமையற்காரர் வைத்திருந்தோர் மிகச் சிலர்.

இரண்டு எழுத்துகள்

தமிழாசிரியர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்று ஈண்டு உண்டு. தமிழரும் தெலுங்கரும் இடும் இப்பெயரில், ‘சா’ என்னும் ஒலியை எழுத அக்கால ஆங்கிலேயர் எஸ், ஏ, டபிள்யூ என மூன்று எழுத்துகளை இட்டனர். 1934-இல் சர் வில்லியம் ஸ்டீவர்டு என்பார் உணவகத்தை வாங்கினார். அக்காலத்தே அச்சுப் பிழையால் ஏயும் டபிள்யூவும் இடம் மாறின. ‘வீராசாமி’ ‘வீராசுவாமி’ ஆயிற்று! வடசொல்லாகிய சுவாமி, மக்கள் நாவில் சாமி ஆனது. அதனை அச்சுக்கோப்பவர் தம்மை அறியாமலேயே மூலத்துக்குத் திருப்பிவிட்டார். பிழையே பெயராக நிலைத்தது. தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிய ஆசிரியர்க்கு இது வியப்பன்று. ஒரே சாமி தந்தை பெயரில் ஒருவாறும், மகன் பெயரில் வேறொருவாறும் எழுதப்பட்டிருத்தலை நாம் கண்டதுண்டு.

பந்தியில் இடம்

இனி, மூன்றாம் வினாவுக்கு வருவோம். இலண்டனில் அப்பெயர் விளக்கொளியில் மின்னிய அந்நாளில், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் அப்பெயருடையார் பால் வெட்டிக்கொண்டிருந்தனர். 1920-களின் இறுதியில், போக்குவரவு எளிதான பகுதிகளில் அவர்க்கு வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. பெயர் பந்தியேறிற்று, பெயர்க்குரியார் பந்தியருகே செல்லவும் இயலவில்லை.

இதனை வெள்ளையர் குற்றம் என்று மட்டும் கூறிவிடல் நேர்மையாகாது. அங்குப் பணம் வாயில் காத்தது; நம் நாட்டிலோ பிறப்பு வாயில் காத்தது. தென்னக இரயில் நிலைய உணவிடங்களில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம், பெரியார் முதலியோர் போராடிய பின்னர் 1941-இல்தான் ஒழிந்தது. உணவு விடுதிப் பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி, 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் முன் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது. ஒரு சொல்லுக்காக மக்கள் சிறை சென்றனர் எனின், பலகையின் ஆற்றலை என்னென்பது!

தென்னாட்டு உணவு செல்வர் பந்தியில் தன் பெயராலேயே அமர்தற்கு நெடுநாள் ஆயிற்று. சென்னையின் விண்மீன் விடுதி ஒன்றில் தென்னாட்டுச் சமையலுக்கென்றே ‘தட்சிண்’ உணவகம் தோன்றியது 1989-இல்தான். அதற்கு முன்னரே, 1947 முதல், சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் வாழையிலையில் சோறிட்டு வந்தது. ஆயின் அது எளியோரும் புகும் கடை. இலண்டன் வீராசாமிக்கு 2016-இல் மிஷலின் விண்மீன் கிடைத்தது. சிறப்புத்தான்.

அச்சிறப்பைக் கண்டு தமிழ்ப் பெயர் உலகாண்டது என்று மாணவர்க்குப் பெருமை பேசுதல் எளிது. பெயர் எவ்வாறு சென்றது, எவர் அதனை வைத்துப் பொருளீட்டினர், எவர் உழைத்தனர் என்பனவற்றையும் சேர்த்துச் சொல்லுதலே வரலாறு. வகுப்பில் வீராசாமி என்னும் பெயருடைய மாணவன் ஒருவன் இருப்பின், அவனிடமிருந்தே அப்பாடத்தைத் தொடங்கலாம்.